என் மகன் லாரி ஓட்டவில்லை

1

என்னை ஊரில் சரசு என்றால்தான் தெரியும். வெண்ணந்தூரில் பிறந்தேன். ஐந்தாவது வரை படித்தேன். நாமக்கல்லில், வடக்கே சரக்கு ஏற்றிப் போகிற லைன் லாரி ஓட்டுகிறவருக்கு வாக்கப்பட்டேன். இப்போது பதினேழு வருடமாக அமெரிக்காவில், ஒஹாயோ என்கிற மாநிலத்தில் இருக்கிறேன். நாலு பேர் கூடியிருந்தால் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டில்கூடச் சமையல்கட்டுப் பக்கமாகவே நின்றுவிட்டு வருகிறவள் நான். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்தத் தைரியம்.

என் மகன் தினேஷ் இங்கே லாரி ஓட்டுகிறான் என்று வெண்ணந்தூரிலும் ராசிபுரத்திலும் என் சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மை இல்லை. நான் பொய் சொல்லவும் இல்லை. ஆனால் என் வாயிலிருந்து போனதுதான்.

என் மகன் பந்து பிடிக்கிறவன்.

இங்கே புட்பால் என்றால் காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. பந்து உருண்டையாகவும் இருக்காது, முட்டை மாதிரி இருக்கும். நடுவில் நிற்கிற ஒருவன் அதை எறிவான். ஓரத்தில் நிற்கிறவன் குறுக்கும் நெடுக்குமாக ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்த நிமிஷமே மூன்று நான்கு பேர் வந்து அவன்மேல் மோதுவார்கள். ஓரத்தில் நின்று ஓடுகிறவனுக்கு வைட் ரிசீவர் என்று பெயர். எந்த இடத்தில் திரும்புவது, எத்தனை அடி ஓடி நிற்பது என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கணக்கு உண்டு. அந்த ஓட்டத்தை ரூட் என்பார்கள். "என்ற வேல ரூட் ஓடறதும்மா. பந்து அப்பறம்தான்" என்பான் தினேஷ். சமையல் மேடையில் மல்லித்தழையையும் கடுகையும் வைத்து எனக்கு ஒன்பது ரூட் காட்டியிருக்கிறான். அவன் மல்லித்தழை. அவனைப் பிடிக்க வருகிறவர்கள் கடுகு.

2

எனக்கு இருபது வருடம் குழந்தை இல்லை. நாற்பத்தியொன்றில் உண்டானபோது வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஆறு மாதம் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டே திரிந்தேன். சினை மாட்டை ஒளித்துக் கட்டுகிற மாதிரி ஒளிகிறாயே என்று என் அக்கா சிரித்தாள். அப்படிப் பிறந்தவன்.

அவன் பிறப்பதற்கு முன்பே என் வீட்டுக்காரரின் அண்ணன் எங்களுக்காக அமெரிக்காவில் மனுப் போட்டிருந்தார். அது நகர்ந்து நகர்ந்து எங்கள் கைக்கு வந்தபோது தினேஷுக்கு ஆறு வயது. பாரத்தில் எல்லோருக்கும் இரண்டு பெயர் வேண்டும் என்றார்கள். எனக்கும் தினேஷுக்கும் பெயருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பெயரைப் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எந்த ஆபீசுக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான், உன் கடைசிப் பெயர் என்ன என்று.

கட்டியவர் பெயரை வாயால் சொல்லிப் பழகியவள் இல்லை நான். எங்கள் பக்கம் என் வயதுக்காரிகள் யாருமே சொல்ல மாட்டார்கள். கேட்டவுடன் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டுவேன். ஊமை என்று நினைத்துக்கொண்டு சிலர் கை ஜாடையில் பேசுவார்கள். அதுவும் ஒரு வகையில் சௌகரியமாகத்தான் இருந்தது.

அவர் இங்கே வந்தும் லாரி ஓட்டவே ஆசைப்பட்டார். பெரிய லாரி லைசென்சுக்கு இங்கிலீஷில் பரீட்சை. மூன்று தடவை எழுதிவிட்டு விட்டுவிட்டார். கிடங்கில் பெட்டி தூக்கினார். தினேஷ் காலேஜில் சேர்ந்த வருடம், மாரடைப்பில் போய்விட்டார்.

காலேஜில் தினேஷ் ஆடிய முதல் ஆட்டத்துக்கு நான் போனேன். அவன் முதுகில் பெரிய எழுத்தில் அவர் பெயர். ஒலிபெருக்கியில் அதைக் கொலை செய்து "நல்லமட்டூ" என்றார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து அந்தப் பெயரைக் கத்தியது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி என் தோளைப் பிடித்து உலுக்கி, நீயும் கத்து என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. செத்துப்போன மனிதரை ஊர் சேர்ந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கட்டினவளுக்கு மட்டும் வாய் வரவில்லை.

3

மூன்றாவது வருடம் அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கடைசி வருடம் தலையில் அடி. ஒருநாள் முழுக்க என்னைப் பார்த்து அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் சரியாகிவிட்டது. நான் சரியாகவில்லை.

படிப்பு முடிகிற நேரம், இனி வேலை தேடுவான் என்று நம்பியிருந்தேன். அவனோ, இதையே தொழிலாக ஆடப்போகிறேன் என்றான். வருடா வருடம் ஏப்ரல் கடைசியில் மூன்று நாள், பெரிய டீம்கள் எல்லாம் காலேஜ் பையன்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். டிவியில் காட்டுவார்கள். டிராப்ட் என்று அதற்குப் பெயர். எனக்கு டிராப்ட் என்றால் பேங்கில் எடுக்கிறதுதான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் வெண்ணந்தூருக்குப் போன் போட்டேன். அக்காவுக்கு எழுபது வயது. பட்டனைத் தட்டுகிற போன்தான் வைத்திருக்கிறாள். படம் ஒன்றும் அனுப்ப முடியாது. நாலு வருடம் காலேஜ் படித்த பையன் பந்து பிடிக்கப் போகிறான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் அவன் வார்த்தையையே சொன்னேன்.

"ரூட் ஓடறதுதான் பொழப்புன்னு நிக்கறானுங்கக்கா. வேற வேலைக்குப் போக மாட்டீங்கறான்."

"அட சாமி! அதுல ஊடு தங்க முடியாதே கண்ணு."

"எங்கீங்க தங்கறான்? ஒரு வாரம் இந்த ஊரு, அடுத்த வாரம் அந்த ஊரு. முந்தா வருசம் மோதித் தோளு எலும்பு ஒடஞ்சு போச்சுங்க."

"மோதிப் போட்டானா! எதுக்க வந்தவனுக்கு?"

"அவனுக்கு ஒண்ணும் ஆகலீங்க."

"போச்சாது. அதுவரைக்கும் நல்லது."

என்ன இப்படிச் சொல்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றியது. ஆனால் அழுதுகொண்டிருந்தேன், அதை யோசிக்கவில்லை. நம் அம்மன் கோயிலில் பூ கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கிற வழக்கம் நம் பக்கம் தெரிந்ததுதான். வெள்ளை வந்தால் இதை அவன் விட வேண்டும், சிவப்பு வந்தால் தொடரட்டும் என்று சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா கூப்பிட்டாள். "வெள்ளப்பூவு வந்துருச்சு சரசு. உட்டுரச் சொல்லு."

4

டிராப்டின் மூன்றாவது நாள் சாயங்காலம் டிவியில் கடைசிப் பெயரையும் சொல்லி முடித்தார்கள். தினேஷ் பெயர் வரவில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்த பிறகும் அது போகவில்லை.

ஆனால் அதோடு முடியாது. பெயர் வராத பையன்களை டீம்காரர்கள் நேரே போனில் கூப்பிடுவார்கள். அரைமணி நேரத்தில் அந்த இடங்களும் நிரம்பிவிடும். தினேஷுக்கு உட்கார முடியவில்லை. போனில் சார்ஜ் இல்லை. சமையல் மேடையில் வயரைச் சொருகிவிட்டு, "நான் பின்னால இருக்கறேன். போன் அடிச்சா ஒரு கத்து கத்தும்மா" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனான். கார் நிறுத்துகிற கொட்டகைச் சுவரில் அவன் பந்தை எறிகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

போன் அடித்தது.

நான் கத்தவில்லை. கையில் வைத்திருந்த கைத்துண்டை அதன்மேல் போட்டேன். துண்டுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. நின்றது. மறுபடி அடித்தது. மேடையே அதிர்கிற மாதிரி இருந்தது, துண்டை இரண்டாக மடித்து அமுக்கிக்கொண்டேன். மூன்றாவது தடவையும் அடித்து நின்றது. தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் வெள்ளைப் பூ வந்திருக்கிறதே, சாமியே விடச் சொல்லிவிட்டதே என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

அவன் உள்ளே வருவதற்குள் துண்டை எடுத்துவிட்டேன். போனைப் பார்த்து அவன் முகம் வெளுத்தது.

"அடிச்சிருக்குதேம்மா! மூணு தடவ!"

"எனக்குக் கேக்கலியே சாமி. சட்னிக்கு மிக்சி ஓட்டிட்டு இருந்தேன்."

திருப்பிக் கூப்பிட்டான். அந்த டீமில் வேறொரு பையனைச் சேர்த்துவிட்டார்களாம். சுவரில் சாய்ந்துகொண்டான். பிறகு என்னிடம், "பரவால்லம்மா. நாந்தான் போன உட்டுட்டுப் போயிட்டேன். என்ற தப்பு" என்றான். மிக்சி ஜார் அலமாரியில் கழுவிக் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தாலும் சந்தேகப்பட்டிருக்க மாட்டான்.

5

அவன் விடவில்லை. பத்து நாள் கழித்து வேறொரு டீம், மூன்று நாள் வந்து ஓடிக் காட்டு என்றது. போனான். பிடித்துப்போய்ச் சேர்த்துக்கொண்டார்கள். கோடை முழுக்கக் கேம்ப் என்று தொண்ணூறு பேர் பயிற்சி செய்வார்கள். பிறகு ஐம்பத்து மூன்று பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். இவனை அனுப்பினார்கள். மறுநாளே கூப்பிட்டுப் பயிற்சிக்கு மட்டும் இரு என்றார்கள். வாரம் முழுக்க மற்றவர்களோடு சேர்ந்து ஓட வேண்டும், மோத வேண்டும். ஆட்ட நாளில் சாதாரண உடுப்பில் ஓரமாக நிற்க வேண்டும்.

டீம் இருக்கிற ஊர் பக்கம்தான் என்பதால் வீட்டிலிருந்தே போய் வந்தான். நான் வாரத்துக்கு ஐந்து டஜன் முட்டை வேகவைத்தேன். நாமக்கல்லிலிருந்து வந்தவளுக்கு முட்டை உரிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உரித்து உரித்துத் தட்டில் வைப்பேன். அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

ஒரே ஒரு ஆட்டத்தில் அவனை இறக்கினார்கள். அக்டோபர் மாதம், தூறல். நானும் போயிருந்தேன். ஒரு பந்து வந்தது. குறுக்கே ஓடி, கீழே விழப்போனதை விரல் நுனியில் எடுத்தான். இரண்டு பேர் அவன்மேல் விழுந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவன் எழுந்து நின்று பந்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். எங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது, ஆனாலும் எல்லாப் பக்கமும் தேடினான். மறுபடி கூட்டம் அவர் பெயரைக் கத்தியது. அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவனிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. இதைத்தான் துண்டு போட்டு மூடினேன்.

அதற்குப் பிறகு அவனை இறக்கவில்லை. ஆனால் அடுத்த வருடத்துக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

6

இந்த ஏப்ரலில் மறுபடி அந்த மூன்று நாள் வந்தது. தினேஷ் வீட்டில்தான் இருந்தான். அவனுடைய டீம் புதிதாக இரண்டு ரிசீவர்களை எடுத்தது. இரண்டு பேர் உள்ளே வந்தால் பழையவர்களில் யாரையோ அனுப்புவார்கள் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவன் டிவியை அணைத்துவிட்டு ஓடப் போனான். அந்த நேரம் பார்த்து அக்காவின் போன்.

"ஏஞ்சரசு, உன்ற பையன் இன்னமும் லாரியத்தான் ஓட்டறானா? ஆத்தா சொல்லியுமா உடல?"

"லாரியா? எந்த லாரிங்கக்கா?"

"எந்த லாரியா? ரூட் ஓடறான், ரூட் ஓடறான்னு நீதானே சொன்ன? அவங்கப்பனால ஓட்ட முடியாத அமெரிக்கா லாரிய மவன் ஓட்டறான், அதுலயும் மோதிப் போட்டு எலும்ப ஒடச்சுக்கிட்டான்னு நான் ராசிபுரம் வரைக்கும் சொல்லி அழுதுட்டு வந்தேன்."

"அப்ப அன்னிக்குப் பூவு கேக்கறப்ப என்னன்னுங்க கேட்டீங்க?"

"இதென்ன கேள்வி? ஆத்தா, தினேசு லாரி ஓட்டலாமா வேண்டாமான்னு கேட்டேன். வேறென்னத்தக் கேக்கறது?"

நம் பக்கம் ரூட் என்றால் லாரி ரூட்டும் பஸ் ரூட்டும்தானே. லைன் லாரி டிரைவர் பெண்டாட்டியாக இருபத்தேழு வருடம் இருந்த எனக்கே அது தோன்றவில்லை. வடக்கே போன லாரி வந்து சேர்கிற வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். அந்த வார்த்தை போய் எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தேன். ஒரு வருடமாக, சாமி சொல்லித்தான் செய்தேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். சாமியிடம் கேட்டது ஒரு லாரியைப் பற்றி. என் மகனைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவே இல்லை. துண்டைப் போட்டது என் கை மட்டும்தான்.

தினேஷ் வியர்த்து வழிய உள்ளே வந்தான். தண்ணீர் குடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு சொன்னேன்.

"அன்னிக்கு மிக்சி ஓடல சாமி."

"எந்த மிக்சி?"

"போன வருசம், உனக்குப் போன் வந்தப்ப. நாந்தான் துண்டப் போட்டு மூடினேன். மூணு தடவையும்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். ஏன் என்று கேட்டான். பூ கேட்டதையும் சொன்னேன், இன்றைக்கு அக்கா சொன்னதையும் சொன்னேன்.

"லாரியா?" என்றான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. "சாமிகிட்டப் போயி லாரியக் கேட்டாங்களா?" சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அன்னிக்குக் கூப்பிட்ட டீம்ல போன சீசன்ல ரெண்டு ரிசீவருக்கு அடி பட்டுச்சு. ரோட்டுல போறவனையெல்லாம் கூப்பிட்டு ஆட வெச்சாங்க. தெரியுமாம்மா உனக்கு?"

தெரியாது என்றேன்.

"நானு ஒரு வருசமா என்னையத்தான் திட்டிட்டு இருந்தேன். போன எதுக்குடா உட்டுட்டுப் போனேன்னு."

அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உரித்து வைத்த முட்டை தட்டிலேயே இருந்தது. குளிர்பெட்டியிலிருந்து உரிக்காத முட்டையை எடுத்து அவனே வேகவைத்துச் சாப்பிட்டான்.

7

மூன்றாம் நாள் காலையில் அவன் கொல்லையில் இருந்தான். போன் அதே மேடையில், அதே வயரில் இருந்தது. அடித்தது.

அவன் போனை எடுத்துப் பேசி எனக்கு வழக்கம் இல்லை. எடுத்துக்கொண்டே ஓடிவிடலாம் என்று கையில் தூக்கினேன். விரல் எங்கேயோ பட்டு அதுவே பேச ஆரம்பித்துவிட்டது. ஓர் ஆண் குரல். "மிஸ்டர் நல்மூட்டூ?" என்றது. எனக்கு வாய் கட்டிவிட்டது. பையில் இருக்கிற அட்டையைப் போனுக்குள் நீட்ட முடியாது. அந்த ஆள் இரண்டு தடவை ஹலோ சொன்னார். பிறகு, "ராங் நம்பர்?" என்றார்.

அது எனக்குப் புரியும். வைத்துவிடப் போகிறார்.

"நோ! நோ ராங் நம்பர்!" என்று கத்தினேன். "நல்லமுத்து! நல்லமுத்து ஊடுதானுங்க!"

நாற்பத்து நாலு வருடத்தில் முதல் தடவை அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஈரப் புல்லில் ஓடினேன். தினேஷ் என்னைப் பார்த்து அப்படியே நின்றான். நான் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்கிறது. போனை வாங்கிக்கொண்டான். எஸ் சார் என்றான். கொஞ்ச நேரம் கேட்டான். தேங்க்யூ சார் என்றான்.

"என்ன சாமி?"

"உட்டுட்டாங்கம்மா."

இனி அந்த டீமில் அவன் இல்லை. போன வருடம் அம்மனிடம் நான் வேண்டியது இதுதான். அது வந்து சேர்ந்த நாளில் நானே கையில் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவனிடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். என் மேல் இருக்கிற கோபம் போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. "அப்பா பேரயா சொன்ன?" என்றான்.

"ஆமா."

"நல்லாத்தான் சொன்ன. டிவிக்காரனுக்கு இன்னும் வாயில வல்ல."

எழுந்து பந்தை எடுத்துக்கொண்டான். போனை என் கையில் வைத்தான். "கேம்ப் தொடங்கறதுக்குள்ள எந்த டீமுக்காச்சும் ஆளு வேண்டியிருக்கும். நான் ஓடறப்ப இது உன்ற கைல இருக்கட்டும். அடிச்சா எடுத்துப் பேரச் சொல்லு." மேடையில் வைத்துவிட்டுப் போகலாம், தன் பையிலேயே போட்டுக்கொள்ளலாம். என்னிடம்தான் கொடுக்கிறான். இது மன்னிப்பா, தண்டனையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அக்காவுக்கு இதை யாராவது படித்துக் காட்டுங்கள். அக்கா, உங்களிடம் தப்பு இல்லை. நான்தான் வாய் திறந்து சொல்ல வெட்கப்பட்டேன். அவன் ஓடுவது லாரி ரூட் இல்லை. இனிமேல் அவனுக்காகப் பூ கேட்க வேண்டாம். சிவப்பு வந்தாலும் வெள்ளை வந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

இதை எழுதும்போது அவன் கொல்லையில் ஓடிக்கொண்டிருக்கிறான். போன் என் மடியில் இருக்கிறது. மேலே துண்டு எதுவும் இல்லை. சமையல்கட்டில் யாரும் இல்லாததால் நல்லமுத்து, நல்லமுத்து என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாக வந்தது.